ஸ்ரேசனுக்குப் போட்ட வேலி

எங்கள் ஊர் ஸ்ரேசனில் இறங்குகிறவர்களை நான் கால்களை வைத்துத்தான் அடையாளம் பிடிப்பேன். யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் இரண்டு பெரிய ஸ்ரேசன்களுக்கு நடுவே, எல்லாக் கோச்சியும் நிற்காத ஒரு சின்ன ஸ்ரேசன் அது. ஓட்டுக் கூரை, ஒரு ரிக்கற் யன்னல், சனம் இருக்க நீண்ட வாங்கு ஒன்று, உயரமில்லாத ஒரு பிளாட்போம். கட்டடம் முடிகிற இடத்தில் எங்கள் வீட்டு வளவு தொடங்கும். எங்கள் பின்வேலியின் அடி ஓலையைக் கறையான் தின்றிருந்தது. அந்த இடைவெளியால் குசினி வாசலில் இருந்தபடியே பிளாட்போமின் ஒரு துண்டைப் பார்க்கலாம்.

கோச்சி வந்து நின்றதும் அந்தத் துண்டில் கால்கள் இறங்கும். மினுக்கிய சப்பாத்து என்றால் கொழும்பில் உத்தியோகம், லீவில் வருகிறார். வெறுங்காலும் பக்கத்தில் ஒரு கடகமும் என்றால் சந்தைக்குப் போய் வருகிற ஆள். எங்களுக்குத் தெரியாத செருப்பு ஒன்று இறங்கினால் அடுப்பைத் தணித்துவிட்டு வேலியடிக்குப் போய்விடுவேன். ஆர் வீட்டுக்கு, என்னத்துக்கு, ஏன் இந்த நேரத்தில் என்று தெரியாமல் எனக்குக் கறி கூட்ட மனம் வராது. என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு ஒருவரையும் சந்தேகிக்கத் தெரியாது, ஆகவே வீட்டின் அந்த வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து வந்த கால்களைப் பார்த்து நான் குழம்பிப் போனேன். உத்தியோகக்காரரின் காலில் சப்பாத்து இல்லை, பக்கத்தில் பெட்டி வைக்கப்படவில்லை. அதற்குப் பிறகு ஊரே என்னைப் போலாகிவிட்டது. இறங்குகிற ஒவ்வொருவனையும் ஸ்ரேசன் வாசலில் நாலு பேர் ஏற இறங்கப் பார்த்தார்கள். இறங்கியவனும் அந்த நாலு பேரைத் திரும்பிப் பார்த்தான்.

இனி மாஸ்ரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ரேசன் மாஸ்ரர் வெளியூர் ஆள். எங்கள் ஊரில் கலியாணம் செய்து, தண்டவாளத்துக்கு வடக்கே, மனைவியின் சீதனக் காணியில் வீடு கட்டியிருந்தார். நாங்கள் தெற்கே. எங்கள் வளவும் என் சீதனம்தான். எங்கள் கிணற்றில் உப்புத் தண்ணீர். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், வாயில் வைக்க ஏலாது. நல்ல தண்ணீர்க் கிணறு மாஸ்ரர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு, போய்வர வழியும் உண்டு என்று என் காணி உறுதிப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது. அந்த வழி என்பது எங்கள் பின்வேலியில் இருந்த பொட்டு. ஆள் குனிந்து நுழைகிற ஓட்டை. பொட்டால் புகுந்து, பிளாட்போமின் நுனியைக் கடந்து, தண்டவாளத்தைத் தாண்டினால் கிணற்றடி. சோறு அடுப்பில் இருக்கத்தக்கதாகவே போய்வந்துவிடலாம்.

ஒருநாள் காலை, இரண்டு வாளி நிறையத் தண்ணீருடன் தண்டவாளத்துக்கு நடுவே சல்லிக்கல் சறுக்கி என் கால் பிரண்டுவிட்டது. கோச்சி ஸ்ரேசனில் புறப்படத் தயாராக நின்றது. மாஸ்ரர் சிவப்புக் கொடியைப் பிடித்தபடி நான் நொண்டி நொண்டி இரண்டு வாளியையும் கரையேற்றும் வரைக்கும் அதை நிற்பாட்டி வைத்தார். யன்னல்களால் தலைகள் எட்டிப் பார்த்தன. ஊரில் எல்லாரும் அதை ஒரு பெரிய உபகாரமாகக் கதைத்தார்கள்.

எனக்கோ நம்பிக்கை வரவில்லை. எங்களூர் ரெயில் பாதை ஒற்றைப் பாதை. அடுத்த ஸ்ரேசனில் இருப்பவர் சம்மதம் தந்தால்தான் மாஸ்ரரின் அறையிலுள்ள சிவப்புப் பெட்டிக்குள் இருந்து ஒரு வில்லை வெளியே வரும். அதை வளையத்தில் கொழுவிச் சாரதியின் கையில் கொடுத்தால்தான் கோச்சி அசையலாம். அன்று அந்த வில்லை இன்னும் வந்திருக்காது, தன் பிந்தலை என் காலில் போட்டுவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். கேட்டும் பார்த்தேன்.

"தங்கச்சி, ரெண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால்தான் வழி. அதுதான் எங்கடை வேலை," என்றார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஆளை எப்படி நம்புவது?

பிறகு கோச்சி விட்டுவிட்டு ஓடியது. சில காலம் நின்றது, இந்தியன் ஆமி வந்த பிறகு திரும்ப வந்தது, தொண்ணூறில் ஒரேயடியாக நின்றது. கொஞ்ச நாள் எல்லாரும் காத்திருந்தோம். பிறகு தண்டவாளத்தின் கீழ்க் கிடந்த சிலிப்பர் கட்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கின. அவை எங்கே போயின என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் எல்லாருடைய வளவிலும் செல்லுக்கும் குண்டுக்கும் பதுங்க ஒரு பங்கர் இருந்தது. எங்கள் பங்கரின் மேலும் நல்ல கனமான கட்டைகள் கிடந்தன. அதற்காக நான் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. செல் விழுகிற ஊரில் பிள்ளை வைத்திருந்தவர்களுக்கு அது விளங்கும். தண்டவாளமும் போய்விட்டது. கடைசியில் சல்லிக்கல் மேடு மட்டும் மிஞ்சியது.

ஆனால் மாஸ்ரர் நாள்தோறும் வந்தார். வெள்ளைக் காற்சட்டை போட்டு, திறப்புக் கோர்வையுடன் பிளாட்போமில் ஏறி, கதவைத் திறந்து, உள்ளே இருந்துவிட்டுப் பின்னேரம் பூட்டிக்கொண்டு போனார். கோச்சி இல்லாத ஸ்ரேசனில் ஒரு மனிதனுக்கு என்ன வேலை? சம்பளம் வருகிறது, கையெழுத்து வைக்க வேண்டும் என்றார் என் கணவர். கையெழுத்து வைக்க ஒரு நிமிடம் போதாதா? நான் வேலியடியில் நின்று பார்த்தேன். கூட்டுகிற சத்தம் கேட்கும். பிறகு ஒரு சத்தமும் இருக்காது. சத்தம் இல்லாததுதான் எனக்குக் கூடுதலான சந்தேகத்தைக் கொடுத்தது.

அடுத்த வருடம் வேலி அடைக்கிற காலத்தில் விசயம் வெளித்தது. தன் வளவின் ரெயில் பாதைப் பக்கத்து வேலியைப் பிரித்த மாஸ்ரர் அதைப் பழைய இடத்தில் அடைக்கவில்லை. ரெயில்வேக் காணிக்குள் முன்னேறி, சல்லிக்கல் மேட்டின் கரை வரைக்கும் கொண்டுவந்து, வேர்விட்டுத் தழைக்கிற கதியால் தடிகளை நட்டார். கிணறு அந்த வேலிக்கு உள்ளே போய்விட்டது. நான் வாளியுடன் பொட்டால் வெளியே வந்து பார்த்தபோது, அவர் மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டு நின்றார்.

"என்ன மாஸ்ரர் உது?"

"மாடு உள்ளை பூருது தங்கச்சி. ரெயில்வேக் காணியைப் பாதுகாக்கிறது என்ரை கடமை. கோச்சி வந்தால் எடுத்துப்போடுவன்."

"என்ரை பாதை?"

"கடவையாலை சுத்தி வாங்கோ. எங்கடை முன்படலை திறந்துதான் கிடக்கும். ஆர் மறிச்சது?"

றோட்டு ரெயில் பாதையைக் கடக்கிற அந்தக் கடவையால் சுற்றினால் அரைக் கட்டை, அரை மைல். போக அரை, வர அரை. தண்ணீரைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டு முற்றத்தால், அவர் மனைவி பார்க்கத்தக்கதாக, படலை திறந்து கிடக்கிறதே என்று நன்றியுடன் போய்வர வேண்டும். இன்றைக்குப் படலை திறந்து கிடக்கும். பத்து வருடம் போனால், அந்தப் பொட்டுப் பாதையை ஒருவரும் பாவிக்கவில்லை, அது எங்கள் காணிதான் என்று கோட்டில் வழக்குப் பேசுவார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் இதைப் படிப்பிக்கத் தேவையில்லை.

எனக்கு அன்று ஏறிய கோபம் இப்போது நினைத்தாலும் ஏறும். அடுத்த கிழமையே கூலிக்கு ஆள் பிடித்தேன். எங்கள் பின்வேலியைப் பிரித்து, பிளாட்போம் முழுவதையும் உள்ளே எடுத்து, சல்லிக்கல் மேட்டின் இந்தக் கரையில் கதியால் நட்டேன். மேற்குப் பக்கம் ரெயில்வேயின் பழைய இரும்பு வேலியோடு கொண்டுபோய் முட்டவிட்டேன். இனி மாஸ்ரர் தன் வீட்டிலிருந்து நேரே பிளாட்போமில் ஏற முடியாது. அவரும் கடவையால் சுற்றி, றோட்டுப் பக்கத்து வாசலால்தான் ஸ்ரேசனுக்குள் போக வேண்டும்.

"ஏனப்பா உமக்கு உந்த வேலை? கோச்சி வந்தால் உதுக்கு மேலாலையோ ஓடுறது?" என்று கேட்டார் என் கணவர்.

"மாடு பூருது," என்றேன்.

இரண்டு வேலிகளுக்கும் இடையில் சல்லிக்கல் மேடு ஒடுங்கிய நடைபாதைபோல ஒரு ஓடையாக மிஞ்சியது. அவர் கொஞ்சம் தள்ளினார், நான் கொஞ்சம் தள்ளினேன். கடைசியில் ஒரு ஆள் கையை விரிக்க முடியாத அகலம். பொது வேலி ஒன்று போட்டிருந்தால் இருவருக்கும் செலவு பாதி. ஆனால் அந்த வேலி யாருடையது என்று நாளைக்கு ஒரு கேள்வி வரும். ஆகவே அவர் வேலி அவருக்கு, என் வேலி எனக்கு. ஆடு, நாய், கீரி எல்லாம் அந்த ஓடையால் போய்வந்தன.

நாலு வருடத்துக்குக் கிட்ட அப்படியே நடந்தது. ஒவ்வொரு நாள் காலையும் நான் சைக்கிள் கரியரில் தண்ணீர்க் கான்களைக் கட்டிக்கொண்டு கடவைக்குப் போவேன். எதிரே மாஸ்ரர் திறப்புக் கோர்வையுடன் வருவார். அவருடைய ஸ்ரேசன் என்னிடம் இருந்தது, என்னுடைய தண்ணீர் அவரிடம் இருந்தது. கடவையில் ஒருவரையொருவர் கடக்கும்போது அவர் வானத்தைப் பார்ப்பார், நான் சைக்கிள் சில்லைப் பார்ப்பேன். ஊர்ச் சனம் எங்களைப் பார்த்து, கோச்சி இல்லாவிட்டாலும் கடவையில் ஒரு கிறாசிங் நடக்குது என்று பகிடி விட்டது.

பிளாட்போமில் நான் மிளகாய் காயப்போட்டேன். அவர் ஸ்ரேசனுக்குள் இருந்து யன்னலால் பார்ப்பது தெரியும். ஒருநாள் பிளாட்போம் வாங்கைக் காணவில்லை. நான் எடுத்தேன் என்று அவர் ஊரெல்லாம் கதைத்ததாகக் கேள்வி. அவர்தான் எடுத்துவிட்டு என்மேல் போடுகிறார் என்று நான் கதைத்தேன். கிணற்றுத் தண்ணீர் ஒருநாள் கலங்கியிருந்தால் அவர் கலக்கிவிட்டார் என்றேன். அவருடைய கதியால் ஒன்று பட்டுப்போனால் நான் சுடுதண்ணி ஊற்றினேன் என்றார். வாங்கு எங்கே போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. யாரோ ஒருவருடைய பங்கரில்தான் இருந்திருக்கும்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், விடியும் நேரம், மழைச் சத்தத்தோடு வேறொரு சத்தம் கேட்டது. குசினிக் கதவைத் திறந்தேன். பழக்கதோசத்தில் கண் வேலியின் அடிக்குப் போனது. ஓலைக்கும் நிலத்துக்கும் இடையே கால்கள். வெறுங்கால்கள், சேறு பூசிய கால்கள், ஒற்றைச் செருப்புடன் ஒரு கால், சைக்கிள் சில்லுகள், பிறகும் கால்கள். ஓடைக்குள் ஒருவர் பின் ஒருவராக, முடிவில்லாமல். யார், எந்த ஊர், என்னத்துக்கு என்று என் மனம் வழக்கம்போலக் கேட்கத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டது.

வலிகாமத்துச் சனம், யாழ்ப்பாணப் பட்டினத்துப் பக்கத்தவர்கள். ஆமி முன்னேறுது என்று இரவோடு இரவாக ஊரைவிட்டு வெளிக்கிட்டது. பெரிய றோட்டு நிறைந்து அசைய வழியில்லாததால், ஒரு பகுதி ரெயில் பாதை மேட்டில் ஏறி நடந்து வந்திருக்கிறது. கோச்சி வந்த பாதை, அகலமாகத்தான் இருக்கும் என்று நம்பி வந்திருப்பார்கள். எங்கள் இரண்டு வேலிகளுக்கும் இடையே வந்ததும் எல்லாம் இறுகிவிட்டது.

நான் வேலியடிக்கு ஓடினேன், எனக்கு நேரே ஒரு சைக்கிளின் கான்டில் வேலி ஓலைக்குள் கொழுவி நின்றது. அதைத் தள்ளிக்கொண்டு வந்தவ என்னைவிட மூத்த மனுசி. கரியரில் ஒரு கிழவர், அவவின் தகப்பனாக இருக்க வேண்டும், மழையில் விறைத்துப்போய் அவவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, குடிக்கத் தண்ணி கிடக்கோ? ஐயாவுக்கு நேற்றுப் பின்னேரத்துக்குப் பிறகு ஒண்டும் குடுக்கேல்லை."

முதல் நாள் கொண்டுவந்த நல்ல தண்ணீர் இருந்தது. செம்பில் வார்த்து வேலிக்கு மேலால் கொடுத்தேன். கிழவர் குடிக்க முன்னமே பின்னால் இருந்து கைகள் நீண்டன. இரண்டு கானும் கண்மூடித் திறக்க முன் முடிந்தது. பிறகு எங்கள் கிணற்றில் அள்ளிக் கொடுத்தேன். ஒரு பிள்ளை குடித்துவிட்டுத் துப்பியது. நல்ல தண்ணீர் மாஸ்ரரின் வேலிக்குப் பின்னால், ஒரு கல்லெறி தூரத்தில் கிடந்தது. அங்கே போய்வர எனக்கும் வழியில்லை, ஓடைக்குள் நின்ற சனத்துக்கும் வழியில்லை.

நாலு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாய் திறந்தேன்.

"மாஸ்ரர்!"

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குடை உயர்ந்தது. அதன் கீழே அவர் முகம். அவரும் கன நேரமாக அங்கேதான் நின்றிருக்கிறார்.

"உங்கடை வேலியைப் பிரியுங்கோ. சனத்துக்குத் தண்ணி வேணும்."

அவர் தன் வேலியைப் பார்த்தார். அவர் என்ன யோசித்தார் என்பது எனக்குப் புத்தகம்போலத் தெரிந்தது, ஏனென்றால் நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குத் திறந்தால் நாளைக்கு அது பாதை.

"நீங்கள் முதல் பிரியுங்கோ," என்றார். "சனம் ஏறி நிக்க பிளாட்போம் உங்கடை பக்கம்தானே கிடக்கு."

"ரெண்டு பேரும் ஒண்டாப் பிரிப்பம்."

"ஓம். அது சரி."

விறகு கொத்துகிற கத்தியை எடுத்து வந்தேன். ஓலையைப் பிணைத்த கயிற்றுக் கட்டு ஒன்றை நான் வெட்டினேன். அவர் ஒரு கட்டு வெட்டினார். நிமிர்ந்து பார்த்தேன். அவரும் நிமிர்ந்து பார்த்தார். நான் இரண்டாவதை வெட்டினேன். அவர் வெட்டுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் மூன்றாவதில் கையை வைக்கவில்லை. இரண்டு வேலிகளுக்கும் நடுவே நின்ற சனம் தலையை இங்கும் அங்கும் திருப்பி எங்களைப் பார்த்தது.

"உங்களுக்கு என்ன விசரோ?" என்று யாரோ ஒரு ஆண்குரல் கத்தியது. அதற்குப் பிறகு எங்கள் கத்தி தேவைப்படவில்லை. சனம் இரண்டு பக்கமும் சாய்ந்தது. நாலு வருடத்து வேலி, கதியாலும் ஓலையும் வரிச்சுத் தடியுமாக, ஒரே மூச்சில் சரிந்து படுத்தது. வேர் பிடித்த கதியால்கள் மட்டும் வளைந்துகொண்டு நின்றன.

மாஸ்ரர் கத்தியைப் போட்டுவிட்டுத் திறப்புக் கோர்வையோடு ஓடினார், நேராக, சல்லிக்கல் மேட்டைக் கடந்து பிளாட்போமில் ஏறி. ஸ்ரேசன் கதவுகள் எல்லாவற்றையும் திறந்தார். "கிழடுகள், பிள்ளையள் முதல். தள்ளாதேங்கோ. எல்லாருக்கும் இடம் கிடக்கு," என்று அவர் சொல்வது கேட்டது. அந்தக் குரலைக் கோச்சி வந்த காலத்துக்குப் பிறகு நான் கேட்கவேயில்லை. நான் மிளகாய் காயப்போடுகிற இடத்திலேயே இரண்டு குடும்பம் ஏறிக் குந்தியது.

நான் வாளியை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் நடந்தேன். எவ்வளவு கிட்ட! அவ்வளவு கிட்ட என்பதை மறந்தே போயிருந்தேன். கிணற்றடியில் நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அவர்மேலும் என்மேலும். மாஸ்ரரின் மனைவி கப்பியில் இழுத்துத் தந்தா, நான் சுமந்தேன். வாளி மட்டும் கைமாறியது.

மத்தியானமளவில் மழை விட்டது. ஸ்ரேசனுக்குள்ளும் வெளியிலும் கால் வைக்க இடமில்லை. விழுந்த வேலியின் வரிச்சுகளை முறித்து, சல்லிக்கல்லை அடுப்பாக வைத்து யாரோ கஞ்சி காய்ச்சினார்கள். ஈர விறகு, ஒரே புகை. எரிவது என்னுடைய வேலியா அவருடையதா என்று பார்த்தேன். பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சைக்கிளோடு வந்த அந்த மனுசி ரிக்கற் யன்னலின் கீழே தகப்பனைச் சாய்த்துப் படுக்கவைத்திருந்தா. நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது மாஸ்ரர் பக்கத்தில் வந்து நின்றார். வெள்ளைக் காற்சட்டை முழங்கால் வரை சேறு.

"தங்கச்சி," என்றார். "அந்தப் பாதை கிடக்கட்டும். இனி நான் மறிக்கமாட்டன். உங்களுக்கு வேண்டின நேரம் வந்து அள்ளுங்கோ."

நாலு வருடமாக நான் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான். கேட்டவுடனே சந்தோசம் வரவேண்டும். எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு சனத்துக்கு முன்னால் நல்ல பேர் எடுக்கிறார், சனம் போனதும் நாளைக்கு என்ன சொல்வார்?

"எழுதித் தருவியளோ?" என்று கேட்டேன்.

பகிடிக்குக் கேட்கவில்லை. அவரும் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. "நீங்கள் பிளாட்போமை விட்டதெண்டு எழுதித் தந்தால், நானும் தருவன்," என்றார்.

கீழே இருந்த மனுசி எங்கள் இருவரையும் அண்ணாந்து பார்த்தா. பிறகு தன் சட்டைக்குள் கையை விட்டு, நாலாக மடித்துச் சுற்றிய ஒரு சொப்பிங் பையை எடுத்தா. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் பழுப்பேறிய கடதாசிகள், ஒரு துளி மழைகூடப் படாமல்.

"என்னட்டை எழுதினது கிடக்கு தங்கச்சி," என்றா. "என்ரை சீதன உறுதி. வீடு, பனையள், நல்ல தண்ணிக் கிணறு, அதுக்குப் போற பாதை. எல்லாம் வடிவா எழுதிக் கிடக்கு. பாக்கிறியளே?"

அவ அதை ஏளனமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே நாங்கள் வாசிக்க வேண்டும் என்பதுபோல நீட்டிக்கொண்டிருந்தா. எங்கள் கைகள் ஈரம். நாங்கள் இருவரும் அதைத் தொடவில்லை.

"அக்கா, வையுங்கோ. நனைஞ்சு போடும்," என்றேன்.

அவ கவனமாக மடித்து, பைக்குள் பையாகச் சுற்றித் திரும்பச் சட்டைக்குள் வைத்தா. கிழவர் கண்ணைத் திறந்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். செம்பில் இல்லை. மாஸ்ரர் குனிந்து என் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார். நானும் மற்ற வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன்.